சோம்பேறி இன்னும் ஓடுகிறான்

பயப்படுவதற்கென்றே ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் அது நான்தான். எங்கள் துப்பறியும் அலுவலகத்தில் மொத்தமே இரண்டு பேர். மேடம் யோசிப்பார், நான் பயப்படுவேன். இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துவிட்டு வந்தவர் அவர். எதைக் கேட்டாலும் புருவம்கூட அசையாது. நானோ வாசல் மணி அடித்தாலே மேஜைக்கு அடியில் இடம் தேடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு மணி அடித்தது. உள்ளே வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கசங்கிய நர்ஸ் சீருடை. கண்ணுக்குக் கீழே கருவளையம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையிலிருந்த நீலக் குளிர்பெட்டியை மேடத்தின் மேஜைமேல் வைத்துத் திறந்தாள். ஐஸ் பைகளுக்கு நடுவே நாலு இன்சுலின் ஊசிப் பேனாக்கள்.

“எங்க அண்ணனோடது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெளியே போனவர் வீட்டுக்கு வரவே இல்ல. போன் அணைஞ்சு கிடக்கு. சட்டைப் பையில ஒரு பேனா வெச்சிருப்பார். அதுல மிச்சம் இருந்தது மூணு நாளைக்கு. இன்னிக்குக் காலையோட தீர்ந்திருக்கும்.”

“தீர்ந்தா என்னம்மா ஆகும்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ரத்தம் விஷமாகும் சார். முதல்ல வாந்தி, அப்புறம் மூச்சு வாங்கும், அப்புறம் நினைவு தப்பும். நாளைக்குக் காலைல தேடிப் பிடிச்சா பிரயோஜனம் இல்ல. இன்னிக்கே வேணும்.”

மேடம் நிதானமாகக் கேட்டார். “போலீஸ்?”

“போனேன். அவர் ரூம்ல கம்ப்யூட்டரையும் காணோம். பூட்டை உடைக்கல, சாவி போட்டுத் திறந்து எடுத்துட்டுப் போயிருக்காங்க. அதனால அவரே எடுத்துட்டு எங்கேயோ போயிட்டாராம். நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளை, தானா வருவார்ங்கறாங்க. துணி எடுக்காம, மருந்து எடுக்காம, கம்ப்யூட்டரை மட்டும் கட்டிக்கிட்டு யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா மேடம்?”

“என் மச்சான் போவான். ஆனா அவன் டிவியைத்தான் எடுத்துட்டுப் போவான்” என்றேன். பயம் வந்தால் எனக்கு இப்படித்தான், வாய் சும்மா இருக்காது. மேடம் ஒரு பார்வை பார்த்தார். அடங்கினேன்.

“அந்த கம்ப்யூட்டர்ல அப்படி என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல மேடம். அதான் எனக்குப் பயமே. அண்ணன் பள்ளிக்கூடத்துல லேப் அசிஸ்டெண்ட். பொழுதுபோக்கா பகா எண் தேடுவார். ஏழு, பதினொண்ணு, பதிமூணு மாதிரி வேற எதாலயும் வகுபடாத எண். ஆனா இவங்க தேடறது கோடிக்கணக்கான இலக்கம் உள்ளது. எழுதினா பல ஆயிரம் பக்கம் வரும். ஒரே கம்ப்யூட்டரால ஆகாதுன்னு உலகம் முழுக்க நிறைய பேர் தங்களோடதை இலவசமா ஓட்டறாங்க. ஆளுக்கு ஒரு எண் வரும். மெஷின் ராப்பகலா நாப்பது நாள் கணக்குப் போட்டு, கடைசியில ஒரு பதில் சொல்லும். பகா எண்ணா, இல்லையான்னு. நடுவுல அணைச்சுப் போட்டாலும் விட்ட இடத்துலேருந்து தொடரும். அண்ணனுக்கு ஏழு வருஷமா ‘இல்லை’தான் வந்திருக்கு.”

“என் மாமியார்கூட வருஷத்துக்கு ஒரு தரம் ‘சரி’ம்பாங்களே.”

இந்த முறை அந்தப் பெண்ணே என்னைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். “அண்ணன் மெஷினுக்கு ‘சோம்பேறி’ன்னு பேர் வெச்சிருக்கார். எந்த நேரமும் என்ன பண்ணுதுன்னு இந்தப் பக்கத்துல தெரியும். நேத்து ராத்திரிதான் எனக்கு இதைப் பார்க்கத் தோணுச்சு.”

எட்டிப் பார்த்தேன். சோம்பேறி: ஓடிக்கொண்டிருக்கிறது. 99.7 சதவீதம். கடைசித் தகவல்: இரண்டு நிமிடங்களுக்கு முன்.

முதுகெலும்பில் யாரோ ஐஸ் பையை வைத்த மாதிரி இருந்தது. ஆளைக் காணோம். மெஷினையும் காணோம். ஆனால் எங்கேயோ ஓர் அறையில் அது உட்கார்ந்துகொண்டு, திருடு போன விஷயமே தெரியாமல், கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. மேடம் ஏற்கெனவே கார் சாவியை எடுத்துவிட்டார்.

“இந்தக் கணக்கெல்லாம் தெரிஞ்சவங்க ஊர்ல யார் இருக்கா?”

“கேப்டன்னு ஒருத்தர். இந்த ஊர் குழுவுக்குத் தலைவர். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வெச்சிருக்கார்.”

மேடம் கார் ஓட்டுவதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. இரண்டு சிக்னல்களில் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பெண் குளிர்பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

கடை ஒரு வணிக வளாகத்தின் தரைத்தளத்தில் இருந்தது. உள்ளே ஏசி பல்லைக் கிட்ட வைத்தது. சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். குழுவில் முதலிடம், குழுவில் முதலிடம், மறுபடியும் முதலிடம், பத்து வருஷத்துக்கும் அதே. கேப்டன் ஐம்பத்தைந்து வயதுக்காரர், ஒல்லி, மூக்கு நுனியில் கண்ணாடி.

“வாம்மா, அண்ணன் வந்துட்டாரா?” என்று எழுந்தார். அவள் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, போனை அவர் முன்னால் நீட்டினாள்.

கேப்டன் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. “இது... இது எப்படிம்மா ஓடுது?” என்றார் மெதுவாக. பாவம் மனுஷன், நண்பரை நினைத்துக் கலங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“அதைத்தான் உங்ககிட்ட கேக்க வந்தோம்” என்றார் மேடம். “தூக்கிட்டுப் போனவன் முதல்ல பண்ண வேண்டிய காரியம் அதை நிறுத்தறது. ஏன் நிறுத்தல?”

“99.8-ல எவனுக்கும்மா நிறுத்த மனசு வரும்? நாப்பது நாள் வேலை!”

“திருடனுக்கு வரும். அவனுக்கு அது வெறும் பெட்டி. நிறுத்த மனசு வரலேன்னா எடுத்தவன் உங்க கூட்டத்து ஆள். இந்த ஊர்ல எத்தனை பேர்?”

கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “மூணே பேர். நான், அவர், அப்புறம் லாண்ட்ரிக்காரம்மா ஒருத்தங்க.”

மேடம் போனில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். மணிக்கு மணி சோம்பேறியின் வேகத்தைக் காட்டும் கோடு ஒன்று அங்கே இருந்தது. செவ்வாய் வரைக்கும் தரை மாதிரி சமமாக ஓடிய கோடு, புதன்கிழமையிலிருந்து மேலும் கீழுமாக ஏறி இறங்கியது. “இது ஏன் இப்படி?”

“சூடும்மா. மெஷின் சூடானா தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். மத்தியானம் ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் இறங்குது பாருங்க. ராத்திரி பூரா இறங்குது. இப்ப இருக்கிற இடத்துல அந்த நேரத்துல அனல் அடிக்குது.” கொஞ்சம் நிறுத்தி, தயங்கிச் சொன்னார். “ஒருத்தரைப் பத்தித் தப்பா சொல்லக் கூடாது. ஆனா லாண்ட்ரியில ஹோட்டல் துணிக்கு அந்த நேரத்துலதான் பாய்லர் போடுவாங்க.”

அந்தப் பெண் உடனே வாசலுக்குப் போய்விட்டாள். மேடம் மட்டும் நகரவில்லை.

“ஒரு விஷயம். சோம்பேறிக்கு வந்த எண் புதுசா, பழசா?”

“பழசு. ரெண்டாவது சரிபார்ப்பு. ஒருத்தர் ‘இல்லை’ன்னு சொன்னா மட்டும் நம்பிட மாட்டாங்க. கணக்குல கடைசியா மிஞ்சற மீதியோட வால் நுனியையும், அதான் கடைசிச் சில இலக்கத்தையும், சேர்த்து அனுப்பணும். சில வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் மெஷின்ல அதே எண்ணை மறுபடி ஓட்டுவாங்க. ரெண்டு வாலும் பொருந்தினாத்தான் அந்த எண்ணை மூடுவாங்க.”

“முதல்ல பார்த்தது யாரு?”

“அது வெளியில காட்ட மாட்டாங்கம்மா.”

கிளம்பும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது.

லாண்ட்ரி ஊருக்கு அந்தப் பக்கம். நாங்கள் போனபோது முன்வாசலில் யாரும் இல்லை. கூப்பிட்டோம், பதில் இல்லை. பின்கூடத்தில் கொடி கொடியாய் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் தொங்கின. “நீ அந்தப் பக்கம் போய்ப் பாரு” என்றார் மேடம். எனக்கு ஏன் இந்தப் பிழைப்பு என்று நொந்துகொண்டே விரிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கிப் போனேன். எங்கே பார்த்தாலும் வெள்ளை. ஓரிடத்தில் விரிப்புக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கையை நீட்டினேன். விரிப்புக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

நான் போட்ட கூச்சலில் கொடியே ஆடியது.

“யோவ், எதுக்குய்யா கத்தறே? என் கடைக்குள்ள வந்துட்டு என்னைப் பார்த்தே கத்தறியே!” லாண்ட்ரிக்காரம்மா என்னைவிட ஒரு சாண் உயரம், இரண்டு மடங்கு அகலம். பின்னாலேயே வந்த அந்தப் பெண்ணைப் பார்த்ததும் குரல் இறங்கிப்போயிற்று. “அண்ணன் கிடைச்சாரா கண்ணு?”

மேடம் சுற்றி வளைக்கவில்லை. “உங்க பாய்லரைப் பார்க்கணும்.”

“தாராளமா பாருங்க. திங்கட்கிழமையே இன்ஸ்பெக்டர் வந்து சீல் வெச்சுட்டுப் போயிட்டான். இந்த வாரம் பூரா பச்சைத் தண்ணியிலதான் துவைக்கறேன். ஹோட்டல்காரன் தினமும் திட்டறான்.”

பாய்லர்மேல் கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. அரக்கு முத்திரையில் திங்கட்கிழமைத் தேதி. இங்கே அனலும் இல்லை, சோம்பேறியும் இல்லை. பன்னிரண்டு பத்து ஆகிவிட்டது. அந்தப் பெண் குளிர்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “இன்னேரம் வாந்தி ஆரம்பிச்சிருக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஒரு எண்ணை முதல்ல யார் பார்த்தாங்கன்னு தெரிஞ்சுக்க முடியாதாமே?” என்றார் மேடம்.

“யார் சொன்னா முடியாதுன்னு? அந்த எண்ணைத் தொட்டா கீழேயே வரும்.” லாண்ட்ரிக்காரம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தன் கம்ப்யூட்டரில் தட்டினார். வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் முதல் சோதனை. பதில்: இல்லை. செய்தவர்: கேப்டன்.

லாண்ட்ரிக்காரம்மா இன்னும் கீழே இறக்கினார். சோம்பேறி அதற்கு முன்னால் சரிபார்த்த ஒன்பது எண்கள். ஒன்பதும் கேப்டன் முன்பு ‘இல்லை’ என்று எழுதியவை. ஒன்பதுக்கும் எதிரே ஒரே வாசகம்: வால் பொருந்தவில்லை.

“அடப்பாவி!” லாண்ட்ரிக்காரம்மா வாயில் கையை வைத்தார். “ஒண்ணு ரெண்டு தப்பாகலாம், மெஷின் கெட்டா ஆகும். ஒன்பதும் எப்படிங்க தப்பாகும்? இந்த ஆள் ஓட்டவே இல்ல! முதலிடம் வேணும்கிறதுக்காக வாயில வந்த வாலை எழுதி எழுதி அனுப்பியிருக்கான்!”

“அண்ணன் சந்தேகப்பட்டு இவரோட எண்களையே கேட்டு வாங்கி ஓட்டியிருக்கார். கண்டுபிடிச்சுட்டார்” என்றாள் அந்தப் பெண். “செவ்வாய்க்கிழமை காலைல சொன்னார். ‘ஒரு பெரிய மனுஷர்கிட்ட ஒரு விஷயம் நேர்ல கேக்கணும், எழுதிப் போட்டா அவருக்கு அவமானம்’னார். எனக்கு அப்ப புரியல.”

மேடம் போனில் சோம்பேறியின் பக்கத்தைப் புதுப்பித்தார். அவர் புருவம் அசைந்ததை முதல்முறையாகப் பார்த்தேன். சத்தியமாக அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. கடைசித் தகவல்: பதினொன்று நாற்பத்து மூன்று. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

“நாம கடையை விட்டு வெளியே வந்தது நாற்பதுக்கு” என்றார். “மூணு நாளா வாய் ஓயாம பேசின மெஷின், நாம வெளியே வந்த மூணாவது நிமிஷம் ஊமையாயிடுச்சு. அது தகவல் அனுப்பிக்கிட்டிருக்குன்னு அந்த ஆளுக்கே நாம காட்டினப்பதான் தெரியும். அம்மா, போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் போன் போட்டுட்டு எங்க பின்னாலேயே வாங்க.”

இந்தத் தடவை சிக்னலில் நான் கண்ணை மூடவில்லை. இன்னும் வேகமாகப் போகச் சொல்லிக் கத்தினேன்.

கடை வாசலில் மேடம் ஒரு நொடி நின்றார். கதவோரம் தொங்கிய பலகையைக் காட்டினார். கடை நேரம்: காலை 10 முதல் 1, மாலை 4 முதல் 8. “நான் ஒரு முட்டாள். எங்கே சூடாகுதுன்னு தேடிக்கிட்டிருந்தேன். எப்ப குளிருதுன்னு பார்த்திருக்கணும். கடை திறந்திருந்தா ஏசி ஓடும், சோம்பேறி வேகமா ஓடுவான். பூட்டினா ஏசி நிக்கும், புழுங்கும், அவனும் மெதுவாயிடுவான். அந்தக் கோடு இந்தப் பலகையைத்தான் எழுதிக் காட்டிக்கிட்டிருந்துச்சு.”

மணி ஒன்று ஆக ஐந்து நிமிஷம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம். முன்னறையில் ஆள் இல்லை. பின்னறையில் பத்துப் பதினைந்து பழைய கம்ப்யூட்டர்களுக்கு நடுவே ஒன்று மட்டும் முனகிக்கொண்டிருந்தது. பக்கவாட்டுத் தகடு கழன்று கிடந்தது. சுவிட்சின்மேல் ஒட்டுநாடா, அதில் நீல மையில் ‘தொடாதே’.

“அண்ணன் கையெழுத்து” என்றாள் அவள். திரையில் 99.98.

பின்னால் தடதடவென்று ஷட்டர் முழுக்க இறங்கியது. பூட்டும் சத்தம். திரும்பினால் கேப்டன் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சாவிக்கொத்து. இன்னொரு கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

“யாரும் எதையும் தொடாதீங்க” என்றார். குரல் அழுகிற மாதிரி இருந்தது. “நெட் கேபிளைப் பிடுங்கிட்டுத்தான் போட்டேன். அவர் அடிக்கடி இங்கே கொண்டுவந்து தூசி தட்டுவார். என் கடை வைஃபை அதுக்கு ஞாபகம் இருந்திருக்கு. எனக்குத் தோணவே இல்ல.”

“எங்க அண்ணன் எங்கே?” அவள் ஸ்க்ரூ டிரைவரைப் பார்க்கவே இல்லை, நேராக அவரிடம் போனாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

“இருக்காரும்மா. தண்ணி வெச்சேன், பிஸ்கட் வெச்சேன். பத்தே நிமிஷம். இது சொல்லி முடிச்சதும் நானே திறந்து விடறேன். உங்களுக்குப் புரியாது. இந்த எண் என்கிட்டதான் வந்துச்சு. நான் ஓட்டாமயே ‘இல்லை’ன்னு எழுதிட்டேன். அது நிஜமாவே பகா எண்ணா இருந்துட்டா? உலகத்திலேயே பெரிய பகா எண்ணை என் கையாலயே தூக்கிப் போட்டிருந்தா? மூணு நாளா நிறுத்தணும்னுதான் நினைக்கறேன். கை வரல. தெரிஞ்சே ஆகணும்.”

“சரி” என்றார் மேடம், ஏதோ பஸ் நேரம் விசாரிக்கிற மாதிரி. “பத்து நிமிஷம் கழிச்சு அது ‘பகா எண்’னு சொல்லுதுன்னு வெச்சுக்குவோம். நீங்க பொய் எழுதினதை முதல்ல கண்டுபிடிச்ச ஆள் அவர். அப்பவும் கதவைத் திறப்பீங்களா?”

கேப்டன் திரும்பித் திரையைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில்தான் எனக்கு எல்லாமே புரிந்தது. அந்த ஆளுக்கே பதில் தெரியாது. ஒரு மெஷின் சொல்லப்போகும் ஒரே ஒரு வார்த்தைமேல் ஒரு மனுஷனின் உயிர் தொங்குகிறது. போலீஸ் எப்போது வரும் என்று தெரியாது. ஷட்டரைத் திறக்க வழியில்லை. மேடத்தின் கண் ஒரே ஒரு தடவை என் பக்கமாக வந்து, மேஜைமேல் இருந்த தண்ணீர் ஜாடிக்குப் போய், திரும்பியது.

வேண்டாம் என்று மனசு கத்தியது. கை எடுத்துவிட்டது. நிறைய தண்ணீரோடு ஜாடியைத் தூக்கி, திறந்து கிடந்த சோம்பேறியின் வயிற்றுக்கு நேர் மேலே பிடித்தேன்.

“டேய்!” கேப்டன் ஓரடி முன்னால் வந்தார்.

“கிட்ட வராதீங்க சார்” என்றேன். “நான் தைரியசாலி இல்ல. அதான் பிரச்சினையே. என் கையைப் பாருங்க.” கை கிடுகிடுவென்று ஆடியது. தண்ணீர் விளிம்புவரை ஏறி ஏறி இறங்கியது. “இவங்க ஊத்தச் சொல்லல. நானும் ஊத்தணும்னு நினைக்கல. ஆனா எவ்வளவு நேரம் இப்படிப் பிடிப்பேன்னு எனக்குத் தெரியாது. ஆள் எங்கேன்னு சொல்லிடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

ஒரு சொட்டு விழுந்தது. தகட்டின் ஓரத்தில் பட்டு, ‘டக்’ என்று சத்தம் கேட்டது. கேப்டன் தன் குழந்தையை யாரோ அடித்த மாதிரி அலறினார்.

“கீழே! ஜெனரேட்டர் ரூம்! படிக்கட்டுல இறங்கினா இடது பக்கம்! எடுய்யா ஜாடியை, எடுத்துடு!” சாவிக்கொத்து என் காலடியில் வந்து விழுந்தது. ஸ்க்ரூ டிரைவரும் விழுந்தது. மனுஷர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதே நேரம் வெளியே ஷட்டரை யாரோ இடித்தார்கள். லாண்ட்ரிக்காரம்மாவின் குரல் தெருவுக்கே கேட்டது.

ஷட்டரைத் திறந்தோம். கேப்டனை லாண்ட்ரிக்காரம்மாவிடம் விட்டுவிட்டு ஓடினோம். கீழே போகப் போக இருட்டு, டீசல் வாடை. இடது பக்கம் இரும்புக் கதவு. அவள் இரண்டு கையாலும் தட்டினாள். “அண்ணே! அண்ணே!” உள்ளேயிருந்து சத்தமே இல்லை. கொத்தில் ஒன்பது சாவி. முதலாவது சேரவில்லை. இரண்டாவது சேரவில்லை. “சீக்கிரம் சார்” என்றாள், “சீக்கிரம், சீக்கிரம்.” ஐந்தாவது சாவி திரும்பியது.

மூலையில் ஒரு பாட்டரிப் பெட்டியில் சாய்ந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது. மூச்சு பெரிது பெரிதாக, ஓடி வந்தவன் மாதிரி வாங்கியது. அவர் மூச்சிலிருந்து அறை முழுக்க அழுகிய பழத்தின் வாடை. அவள் அந்த வாடையை முகர்ந்த மாத்திரத்தில் முழு நர்ஸாகிவிட்டாள். அழுகை நின்றது. பெட்டியைத் திறந்தாள், சட்டையைத் தூக்கினாள், ஊசி இறங்கியது. அவர் கையில் இறுகப் பிடித்திருந்த பேனாவைப் பிரித்துப் பார்த்தாள்.

“பாதிப் பாதியா போட்டு இழுத்திருக்கார்” என்றாள். “அதனாலதான் மூச்சு இருக்கு.”

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, கையில் சலைன் ஏற்றி, ஸ்ட்ரெச்சரில் தூக்கியபோது அவர் கண்ணைத் திறந்தார். தங்கையைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். படிக்கட்டு ஏறி வெளியே போகிற வழி கேப்டன் கடை முன்னாலேதான். உள்ளே இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே கேப்டன் உட்கார்ந்திருந்தார். கைவிலங்கு போட்டிருந்தார்கள். அது அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கு முடிந்திருந்தது. திரையில் ஒரே வரி. பகா எண் இல்லை.

கேப்டன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம். “பார்த்தீங்களா? இல்லையாம்! நான் சொன்னதும் ‘இல்லை’தானே? நான் எதையும் தொலைக்கல. நான் சொன்னது சரிதான்!”

ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் உதட்டை நனைத்துக்கொண்டு பேச முயன்றார். இரண்டு தடவை முயன்ற பிறகுதான் குரல் வந்தது. “வால்... வால் பொருந்துதான்னு பாருங்க கேப்டன்.”

கேப்டனின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

அவள் ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கையால் அண்ணனைப் பிடித்துக்கொண்டே கடைக்குள் திரும்பிக் கத்தினாள். “இதைச் சொல்ல அந்த மெஷினுக்கு நாப்பது நாள் போதும்யா! ஆறு வருஷத்துக்கு முன்னால உன் மெஷின்ல நீ சும்மா ஓட விட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கும்! கிடைக்கப்போற ஒரு ‘இல்லை’யைக் கேக்கப் பொறுமை இல்லாம, அதுக்காக என் அண்ணனைப் பூட்டி வெச்சியே!”

அண்ணன் சலைன் ஏறாத கையால் அவள் விரலைப் பிடித்து, “வாம்மா, போலாம்” என்றார். ஆம்புலன்ஸ் கதவு மூடியது. நான் நடைபாதையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். மேடம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.